காஞ்சிபுரம்: தறிக்குழியில் வெடித்த களிமண்

‘எங்கள் வீட்டுத் தரை மழைக்காலத்தில் எழும்புகிறது, கோடையில் பிளக்கிறது. தறி மட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. தொழிற்சாலைச் சாம்பல் போட்டால் களிமண் கட்டுப்படும் என்று சொல்லி ஒருவர் இரண்டு லோடு இலவசமாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதைத் தரையில் போட்டு இடிக்கலாமா?’

சென்ற பங்குனியில் நமது கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து, ஒன்றரை ஏக்கர் ஏரிப்பாசன நிலமும் ஒரு பட்டுத்தறியும் வைத்திருக்கும் குடும்பத்தார் எழுதியிருந்தார்கள். பெயர் போட வேண்டாம் என்றும் கேட்டிருந்தார்கள்.

நாலு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், மண்ணையும் பார்க்காமல், கொட்டிக் கிடக்கும் சாம்பலையும் பார்க்காமல் ‘போடலாம்’ என்று எழுத மனம் வரவில்லை. ‘போடாதே’ என்று மட்டும் எழுதினாலும் அவர்கள் பிரச்னை தீராது. அதனால் நேரிலேயே போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன்.

மண்ணுக்கு ஒரு கோயில்

காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனேன். 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரம் தூரத்திலிருந்தே தெரிகிறது. பஞ்சபூதத் தலங்களில் இது மண்ணுக்கு உரியது. அம்பாள் மாமரத்தடியில் மணலால் பிடித்து வைத்த லிங்கம் என்பது தலவரலாறு. வேகவதியில் வெள்ளம் வந்தபோது மண் கரைந்துவிடக் கூடாதே என்று அம்பாள் லிங்கத்தைக் கட்டித் தழுவிக்கொண்டாள் என்று சொல்வார்கள். இன்றைக்கும் அந்த லிங்கத் திருமேனிக்கு நீர் அபிஷேகம் கிடையாது. புனுகுச் சட்டம்தான் சாத்துகிறார்கள். அபிஷேகமெல்லாம் ஆவுடையாருக்குத்தான்.

கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: மண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைத் தள்ளி வைக்க வேண்டும். அந்த வீட்டுப் பிரச்னைக்கும் பாதி விடை இதில்தான் இருந்தது. அது பிறகுதான் புரிந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில். மேலே முழுக்க மணற்கல். ஆனால், தரையைத் தொடும் அடிவரிசைக்கு மட்டும் கருங்கல் வைத்திருக்கிறார்கள். ஈரம் எங்கிருந்து ஏறும், எதை உறிஞ்சும் என்று தெரிந்தவன் செய்த வேலை அது.

தறிவீடு

வாலாஜாபாத் சாலையில் இறங்கி ஊருக்குள் நடந்தால், வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். பிள்ளையார்பாளையம் போன்ற நகரத் தெருக்களில் மட்டுமல்ல, சுற்றுக் கிராமங்களிலும் பட்டு நெய்கிறார்கள். பல வீடுகளில் காலையில் வயல், மதியத்துக்கு மேல் தறி.

கடிதம் எழுதியவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். “வாங்க சார், உள்ள வந்து தரையப் பாருங்க” என்று நேராகத் தறிக்கே அழைத்துப்போனார்.

குழித்தறி என்றால், தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை அழுத்தி நெய்வது. தறியின் கால்கள் தரையில் புதைந்திருக்கும். தரை அசைந்தால் தறி அசையும். ஒரு பக்கம் கால் விரற்கடை உயர்ந்தாலும் பாவு இழுப்பு ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தொய்ந்துபோகும். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் கோத்து நெய்வதால், இழுப்பு மாறினால் கரை சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

“போன ஐப்பசில நெஞ்ச சேலைல கரை இழுத்துக்கிச்சு. கூலில புடிச்சிட்டாங்க” என்றார் அவர் மனைவி. “மழைக்காலத்துல குழில தண்ணி ஊறும், தரை எழும்பும். சித்திரைல பாத்தா கை நுழையிற அளவுக்கு வெடிக்கும். வருஷா வருஷம் சாணி, மண்ணு போட்டு மெழுகுறோம். நிக்கல.”

மேற்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். வெளியே போய்ப் பார்த்தேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் குளியலறைத் தண்ணீர் ஓடித் தேங்குகிறது. ஓட்டுத் தாழ்வாரத்து மழைநீரும் அங்கேயே விழுகிறது. சுவரிலிருந்து ஆறடியில் பெரிய வேப்பமரம். மழையில் ஒரு பக்கம் மண் நனைந்து உப்புகிறது, கோடையில் அதே பக்கத்தை வேர் உறிஞ்சி வாங்குகிறது. வீட்டுக்கு நடுவில் மண் அப்படியே இருக்கிறது. மேற்குச் சுவர் மட்டும் ஏறி இறங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

களி ஏன் எழும்புகிறது?

எல்லாக் களிமண்ணும் இப்படி ஆடாது. பானை வனையும் களி காய்ந்தால் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். ‘மான்ட்மோரில்லோனைட்’ என்ற கனிமம் அதிகம் உள்ள களிதான் ஆட்டம் காட்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் புத்தகத்தின் தாள்கள்போல அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் தாள்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும். மண் உப்பும். வெயிலில் தண்ணீர் வெளியேறினால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். மண் சுருங்கி வெடிக்கும். நம் தென்மாவட்டக் கரிசல் காடு இதற்கு நல்ல உதாரணம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் பாலாற்று மணலும் செம்மண்ணும் இருந்தாலும், ஏரிப் பாசனப் பரப்புகளிலும் கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கத்திலும் இந்த ஆடும் களி உண்டு.

உங்கள் மண் எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய முறையில் (ஐ.எஸ். 2720, 40-ஆம் பகுதி) உள்ள சோதனைதான் இது. நன்றாகக் காயவைத்துப் பொடித்து, சல்லடையில் மாவுபோல் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி அளவுக் குழாய்கள் இரண்டு வேண்டும். பள்ளிக்கூட அறிவியல் ஆய்வகத்தில் இருக்கும். ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் வடிநீர். இரண்டிலும் ஒவ்வொரு பங்கு மண்ணைப் போட்டுக் கலக்கி, காற்றுக் குமிழி போனதும் ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டின் வித்தியாசத்தை மண்ணெண்ணெய் அளவால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் உப்பும் சதவிகிதம் கிடைக்கும். 50-க்குக் கீழே என்றால் பெரிய பயமில்லை. 50 முதல் 100 வரை கவனம் வேண்டும். 100-க்கு மேல் போனால் ஆபத்தான களி.

அவர்கள் வீட்டு மண்ணைப் போட்டுப் பார்த்தோம். மறுநாள் மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 19 மில்லி. அதாவது 90 சதவிகிதம்.

சுண்ணாம்பு செய்யும் வேலை

இந்த மண்ணை அடக்குவதற்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் முதல் மருந்து, நம் வீட்டு வெள்ளைக்குப் பூசிய அதே சுண்ணாம்பு. அது இரண்டு கட்டமாக வேலை செய்கிறது.

முதல் கட்டம் உடனே நடக்கும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம், களித் தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தகடுகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும். அல்வாபோல ஒட்டிய களி, ஒரே நாளில் புட்டுமாவுபோல உதிர ஆரம்பிக்கும். இரண்டாம் கட்டம் மெதுவானது. சுண்ணாம்பின் காரத்தில் களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து சிமென்ட்போல இறுகும். இதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். ஈரமும் வெயிற்சூடும் வேண்டும்.

பழைய கட்டடங்களில் கொத்தனார்கள் சுண்ணாம்போடு சுர்க்கி, அதாவது செங்கல் தூள், சேர்த்து அரைத்ததும் இதே கணக்குத்தான். சூளையில் உடைந்து வீணான செங்கல்லின் சிலிக்காவைச் சுண்ணாம்புக்குத் துணையாகக் கொடுத்தார்கள். கழிவைக் கட்டுமானத்துக்கு எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. இன்றைக்குச் செங்கல் தூளின் இடத்துக்கு அனல் மின்நிலையச் சாம்பல், உமிச்சாம்பல், கரும்புச் சக்கைச் சாம்பல், இரும்பு உலைக் கசடு ஆகியவை வந்திருக்கின்றன. இந்த வட்டாரக் களியைச் சுண்ணாம்போடும் இப்படிப்பட்ட ஆலைக் கழிவுகளோடும் கலந்து நம் பொறியியல் கல்லூரிகளில் நிறையச் சோதித்திருக்கிறார்கள். கிராமச் சாலை போடுபவர்களுக்கு, சுண்ணாம்பு, சிமென்ட், சாம்பல் கொண்டு மண்ணைக் கெட்டிப்படுத்த இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட வழிகாட்டி (எஸ்.பி. 89) 2010 முதல் இருக்கிறது.

இலவசச் சாம்பல், எதற்காக?

நிலக்கரியை எரித்தால் புகையோடு பறக்கும் நைஸான சாம்பல்தான் ‘ஃபிளை ஆஷ்’. முகப் பவுடர்போல, வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின்நிலையச் சாம்பல் சாதாரண நிலக்கரிச் சாம்பல். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால், அது தனியாகக் களியைக் கட்டாது, சுண்ணாம்பு சேர்த்தால்தான் இறுகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். அது தானாகவே கொஞ்சம் இறுகும். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘சாம்பல் போட்டேன், கேட்கவில்லை’ என்று சொல்பவர்கள் பலர்.

1999-ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, மின்நிலையங்கள் சாம்பலைக் குவிக்காமல் செங்கல், சிமென்ட், சாலை என்று பயனுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. 2021 டிசம்பரில் வந்த அறிவிக்கை அதை இன்னும் இறுக்கி, முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும், தவறினால் இழப்பீடு கட்ட வேண்டும் என்கிறது. ஆக, சாம்பலை அப்புறப்படுத்துவது மின்நிலையத்தின் கடமை. இலவசமாகக் கிடைப்பதில் தப்பில்லை. ஆனால், முறையாக வரும் சாம்பலுக்கு, எந்த நிலையத்திலிருந்து, எத்தனை டன் என்று ரசீது இருக்கும்.

அந்த வீட்டு வாசலில் கிடந்த குவியலைக் கிளறிப் பார்த்தேன். பவுடராக இல்லை. கறுப்பாகக் கரகரவென்று இருந்தது. நடுநடுவே பச்சையும் நீலமுமாகக் கட்டிகள். மோந்து பார்த்தால் மருந்து வாடை.

“ரசீது ஏதாவது குடுத்தாங்களா, ஐயா?”

“இல்ல சார். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து கொட்டினாங்க. ஓசிதானே, என்னாத்துக்கு ரசீதுன்னு நானும் கேக்கல.”

குவியலிலிருந்து இருபத்தைந்தடியில் குடிதண்ணீர்க் கிணறு. அந்தக் கிணற்றைப் பார்த்ததும்தான் நேரில் வந்தது நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

கலக்கக் கூடாத கழிவுகள்

‘தொழிற்சாலைக் கழிவு’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம். அதில் மருந்தும் உண்டு, விஷமும் உண்டு.

சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை, முலாம் பூசும் பட்டறை ஆகியவற்றின் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் வண்டலை வீட்டிலோ வயலிலோ சேர்க்கவே கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருபவை அவை. அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் மழைநீரில் இறங்கி நிலத்தடி நீருக்குப் போகும். பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்த ஆறும் கிணறுகளும் கெட்டுப்போயிருந்தன.

உரத் தொழிற்சாலையில் பாஸ்பாரிக் அமிலம் எடுத்தபின் மிஞ்சும் பாஸ்போஜிப்சத்தையும் களிக்குச் சோதித்திருக்கிறார்கள். சுண்ணாம்போடு மிகச் சிறிய அளவில் சேர்த்தால் சீக்கிரம் இறுகும். அளவு கூடினால், அதிலுள்ள சல்பேட், சுண்ணாம்பு, களியின் அலுமினா மூன்றும் சேர்ந்து ஊசி ஊசியான புதுப்படிகம் உண்டாகி, பழைய களியைவிட மோசமாக உப்பிவிடும். அதில் லேசான கதிரியக்கமும் உண்டு. ஆய்வகம் சொல்லாமல் வீட்டுத் தரைக்கு அது வேண்டாம்.

நல்ல நிலக்கரிச் சாம்பலிலும் ஆர்சனிக் போன்றவை சிறிதளவு உண்டு. கிணற்றருகில், நீர் ஊறும் பள்ளத்தில், வெறும் சாம்பலாகக் கொட்டக் கூடாது. சுண்ணாம்போடு இறுகி, மழை படாத கூரைக்கடியில் இருக்கும்போது கசிவது மிகக் குறைவு.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லாரிக்காரருக்குப் போன் போட்டார். மழை விழுவதற்குள் அள்ளாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நாலாம் நாள் ராத்திரி வந்து அள்ளிப் போனார்கள். குவியல் கிடந்த இடத்தில் அரையடி மண்ணையும் சேர்த்துச் சுரண்டி ஏற்றிவிடச் செய்தது அவருடைய மனைவிதான். “இந்தக் கெணத்துத் தண்ணிதான் பேரப்புள்ளைங்க குடிக்குது” என்றார்.

வைகாசியில் நடந்த வேலை

ஓடிக்கொண்டிருந்த பாவு வைகாசி முதல் வாரம் முடிந்தது. அடுத்த பாவு ஏற்றாமல் தறியைக் கழற்றினார்கள். அந்த அம்மா அவ்வளவு நாளும் தன் தங்கை வீட்டுத் தறியில் போய் நெய்தார். கூலியில் பாதிதான் கிடைத்தது.

முதலில் தண்ணீர். குளியலறை நீரைக் குழாய் போட்டுப் பின்பக்கம் வாழைக்குத் திருப்பினார்கள். தாழ்வாரத்துக்குத் தகரத் தூம்பு கட்டினார்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகத் தளம் போட்டார்கள். வேம்பை வெட்ட மனமில்லை. வீட்டுப் பக்கம் போகும் வேர்களை மட்டும் பள்ளம் எடுத்து அறுத்தார்கள்.

அடுத்து மண். தறி அறை 12 அடிக்கு 16 அடி. ஓரடி ஆழம் தோண்டினால் 192 கன அடி. காய்ந்து இறுகிய மண் ஒரு கன அடிக்குச் சுமார் 45 கிலோ என்று வைத்தால், கிட்டத்தட்ட எட்டரை டன். அதற்கு 5 சதவிகிதம் சுண்ணாம்பு 425 கிலோ. 25 கிலோ மூட்டை பதினேழு. சாம்பல் 15 சதவிகிதம், ஏறத்தாழ 1.3 டன். சாம்பலை அருகிலுள்ள ஃபிளை ஆஷ் செங்கல் யூனிட்டில் ரசீதோடு வாங்கினார்கள். அவர்களுக்கு மின்நிலையத்திலிருந்து டேங்கர் லாரியில் உலர்சாம்பல் வருகிறது.

5 சதவிகிதம் என்று முடிவு செய்யுமுன், அதே மண்ணில் அந்த அளவு சுண்ணாம்பு கலந்து, ஈரத்தோடு ஒரு வாரம் மூடிவைத்து, மறுபடி குழாய்ச் சோதனை செய்தோம். உப்பல் 90-லிருந்து 20 சதவிகிதத்துக்கு இறங்கியது. களியைப் பொறுத்து இந்த அளவு 3 முதல் 8 சதவிகிதம் வரை மாறும். அதனால், பக்கத்து வீட்டுக் கணக்கை நம் வீட்டுக்கு எடுக்கக் கூடாது.

வேலை முறை இப்படி: தோண்டிய களியை வெயிலில் காயவைத்து, கட்டியைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று தடவை புரட்டிப்போட்டு, ஈரச்சாக்கு போட்டு ஓரிரவு விட வேண்டும். காலையில் களி உதிர்ந்து வரும். அப்போது சாம்பலைக் கலக்கலாம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் ஈரப் பதம். அரையடிக்கு அரையடியாகப் பரப்பித் திமிசுக்கட்டையால் அன்றைக்கே இடித்து முடிக்க வேண்டும். பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு. அதற்கும் பிறகு மூன்று வாரம் பாரம் ஏற்றக் கூடாது.

சுட்ட கல்லை வீட்டில் நீற்றுவதைவிட, நீற்றிய தூளாக வாங்குவது நல்லது. எதுவானாலும் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, மூக்குக்குத் துணி வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே கால்மணி நேரமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

ஏரிக்கரையிலும் இதே களி

அந்த நாட்களில் ஒரு மதியம் உத்திரமேரூர் வரை போய்வந்தேன். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. தேர்தல் முறையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆட்களை நியமித்த ஊர் அது. களிக்கரை கோடையில் வெடித்து, அந்த வெடிப்பில் முதல் மழை புகுந்தால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃப்ரையன்ட்-கெர்ன் பாசனக் கால்வாயில் களிச்சரிவுகள் சரிந்து சரிந்து விழுந்தன. 1970-களில் அந்த மண்ணோடு 4 சதவிகிதம் சுட்ட சுண்ணாம்பு கலந்து இறுக்கிச் சரிசெய்தார்கள். நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காட்டி வேறு வழி காட்டினார். ஆடும் களியின்மேல், உப்பாத செம்மண் போன்ற பிசின் மண்ணை ஒரு மீட்டர் அளவுக்குக் கெட்டியாக இட்டால், அடியிலுள்ள களி அடங்கும் என்றார். கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாயில் அதைச் செய்தார்கள். சுண்ணாம்பு கட்டுப்படியாகாத இடத்துக்கு, செம்மண் அருகில் கிடைக்கும் ஊருக்கு, இந்த வழி ஏற்றது.

தை மாதத்தில் மறுபடி

வடகிழக்குப் பருவமழை முடிந்து, தையில் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. ரசமட்டத்தை நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தோம். ஆனியில் தறி நிறுத்தியபோது இருந்த மட்டம் மாறவில்லை. குழியில் இந்த முறை தண்ணீர் ஊறவில்லை. இடித்த தரை தடுத்ததா, குளியலறை நீரைத் திருப்பியது தடுத்ததா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

மேற்குச் சுவர் விரிசல் முழுசாக நிற்கவில்லை. அதன் குறுக்கே பூசி வைத்திருந்த சிமென்ட் பட்டையில் மயிரிழை அளவு கீறல் விழுந்திருந்தது. சுவரின் அஸ்திவாரம் நிற்பது நாம் தொடாத ஆழமான களியில். அறைத்தரைக்குச் செய்த வைத்தியம் அதற்குப் போய்ச் சேராது. இதை முன்பே சொல்லியிருந்தேன். அவர்களும் எதிர்பார்த்ததுதான்.

“சுவரு கெடக்கட்டும் சார். ஐப்பசில நெஞ்ச மூணு சேலையும் கரை நேரா வந்துச்சு” என்றார் அந்த அம்மா. “கூலி முழுசாக் குடுத்தாங்க.”

இனி இதையொட்டி வாசகர்கள் கேட்ட சில கேள்விகளுக்குப் பதில்.

நெல் வயலில் களி பாளம் பாளமாக வெடிக்கிறது. சுண்ணாம்பும் சாம்பலும் போடலாமா?

கூடாது. வீட்டுத் தரை இறுக வேண்டும், வயல் இளக வேண்டும். இரண்டும் நேர் எதிர். தரைக்குச் சொன்ன அளவில் சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை ஏறி எந்தப் பயிரும் வராது. வயலுக்குத் தொழுஉரம், பசுந்தாள் உரம், கோடை உழவு. மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும், பரிந்துரைத்த அளவில் ஜிப்சம். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவது சத்துக்காக. அது வேறு கணக்கு.

மாட்டுக்கொட்டகைக்கும் களத்துக்கும் இந்த முறை உதவுமா?

உதவும். 20 அடிக்கு 20 அடி களம், அரையடி ஆழம் என்றால் மண் சுமார் 9 டன். 5 சதவிகிதக் கணக்கில் சுண்ணாம்பு 450 கிலோ, சாம்பல் 1,350 கிலோ. ஆனால், களம் மழையில் நனையும் இடம். அதனால், கிணற்றிலிருந்து தள்ளி அமையுங்கள். தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவு விடுங்கள். கொட்டகையில் மூத்திரம் தேங்காமல் மேலே மெல்லிய கான்கிரீட் தளம் போடுவது நல்லது.

அரிசி ஆலை உமிச்சாம்பல் எங்கள் ஊரில் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா?

சுண்ணாம்போடு சேர்த்துப் போடலாம். அதில் பெரும்பகுதி சிலிக்காதான். நன்றாக எரிந்து வெளுத்த சாம்பலாகப் பார்த்து எடுங்கள். கறுப்பாக இருந்தால் எரியாத கரி அதிகம், வேலை குறைவாகச் செய்யும். சுண்ணாம்பு இல்லாமல் உமிச்சாம்பல் மட்டும் போட்டால் களி இறுகாது.

ஆடும் களியில் புதிதாக வீடு கட்டப்போகிறோம். என்ன செய்யலாம்?

தரைக்குச் சுண்ணாம்பு வைத்தியம் போதும், அஸ்திவாரத்துக்குப் போதாது. ஆழமான களியில், அடிப்பக்கம் குமிழ்போல அகன்ற கான்கிரீட் தூண்களை, மழையிலும் வெயிலிலும் ஈரம் மாறாத ஆழம் வரை இறக்குவார்கள். சாதாரணமாக மூன்றரை மீட்டர் அளவு இருக்கும். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. கட்டுமுன் ஒரு பொறியாளரை வைத்து மண் பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டை ஒட்டி மரம் வைக்காதீர்கள்.

எங்கள் ஊரிலும் ராத்திரியில் சாம்பல் என்று ஏதோ கொட்டுகிறார்கள். என்ன செய்வது?

வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுங்கள். கையால் தொடாதீர்கள், மாடு கன்றை அண்டவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் செய்யுங்கள். ஒரு மழை பெய்துவிட்டால் அது கிணற்றுக்குப் போய்விடும். அப்புறம் அள்ள முடியாது.